'நல்' எங்கே தொலைகிறது? அவ்ரோ, புரோட்டோபஃப், ஜேசன் ஸ்கீமாக்களில் இல்லாத மதிப்பைக் கையாள்வது

வாடிக்கையாளர் ரெக்கார்டு ஒன்று. பெயர், குடும்பப்பெயர், தள்ளுபடி சதவீதம் என மூன்று ஃபீல்டுகள். குடும்பப்பெயர் காலியாக, அதாவது 'நல்' (மதிப்பு எதுவும் இல்லை) என்று வந்திருக்கிறது. இதற்கு என்ன பொருள்? அதை அவரிடம் கேட்கவே இல்லையா? கேட்டபோது "எனக்கு அப்படி ஒன்று கிடையாது, இனிஷியல்தான்" என்று சொன்னாரா? அல்லது வந்திருப்பது ஒரு திருத்தச் செய்தி, குடும்பப்பெயரைத் தொடாமல் இருப்பதை அப்படியே வை என்கிறதா?

மூன்றும் வெவ்வேறு செய்திகள். கம்பியில் (நிரல்களுக்கு இடையே அவ்ரோ, புரோட்டோபஃப், ஜேசன் போன்ற வடிவங்களில் போகும் பைட்டுகளில்) மூன்றும் ஒரே மாதிரி போனால், மறுமுனையில் இருப்பவர் ஊகித்துத்தான் எழுத வேண்டும். ஊகம் தப்பினால் ஒருவருடைய பெயர் அழிந்துபோகும், அல்லது விலைப்பட்டியலில் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி அச்சாகும். குடும்பப்பெயரைக் கட்டாயமாக்கிய படிவங்களில் தமிழர்கள் ஒற்றைப் புள்ளியையோ கோட்டையோ தட்டிவிட்டு நகர்வது வழக்கம். அந்தப் புள்ளிதான் கடைசிவரை தரவில் உட்கார்ந்திருக்கும்.

ஆகவே ஸ்கீமாவை, அதாவது எந்த ஃபீல்டு என்ன டைப் என்று சொல்லும் வரையறையை, திறக்கும் முன், ஒவ்வொரு ஃபீல்டுக்கும் எத்தனை நிலைகள் வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நிலை என்றால் மதிப்பு எப்போதும் உண்டு. இரண்டு நிலை என்றால் மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மூன்று நிலை என்றால் 'இல்லை' என்று வெளிப்படையாகச் சொல்வது வேறு, எதுவும் சொல்லாமல் விடுவது வேறு. நாலாவதாகக் காரணமும் வேண்டும் என்றால் (கேட்கவில்லை, சொல்ல மறுத்தார், பொருந்தாது) அதை 'நல்' தலையில் ஏற்றாதீர்கள். பக்கத்தில் ஒரு ஈனம் (குறிப்பிட்ட சில மதிப்புகளை மட்டும் ஏற்கும் டைப்) ஃபீல்டு வையுங்கள். மைனஸ் 1, வெற்று ஸ்ட்ரிங், 1970 ஜனவரி 1 போன்ற போலி மதிப்புகளை முதல் நாளே தள்ளிவிடுங்கள். அவை கணக்கில் சேர்ந்து சராசரியைக் கெடுக்கும்போதுதான் கண்ணில் படும்.

கீழே சாவிச்சொற்களையும் ஃபீல்டு பெயர்களையும் தமிழ் எழுத்தில் ஒலிப்படி எழுதியிருக்கிறோம். குறிமுறையில் தட்டும்போது வழக்கமான எழுத்திலேயே தட்டுங்கள். தமிழில் எழுதினால் 'நல்' என்பது நல்லதாகத்தான் தெரிகிறது, ஏமாற வேண்டாம்.

அவ்ரோ: 'நல்' இங்கே ஒரு டைப்

அவ்ரோவில் ஃபீல்டை 'விருப்பம்' என்று குறிக்கத் தனிச் சொல் கிடையாது. 'நல்' என்பதே ஸ்ட்ரிங், லாங் போல ஓர் அடிப்படை டைப். மதிப்பு இல்லாமலும் போகலாம் என்றால் டைப் இருக்க வேண்டிய இடத்தில் யூனியன் (இவற்றில் ஏதோ ஒரு டைப் என்ற பட்டியல்; ஒவ்வொன்றும் ஒரு கிளை) எழுத வேண்டும்: சதுர அடைப்புக்குள் முதலில் "நல்", அடுத்து "ஸ்ட்ரிங்". பிறகு டிஃபால்ட் என்ற சாவிக்கு நல் என்று கொடுக்க வேண்டும்.

இந்த இடத்தில் இரண்டு பிழைகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. முதலாவது, டிஃபால்ட்டின் நல்லை மேற்கோள் குறிக்குள் போடுவது. டைப் பட்டியலில் மேற்கோள் கட்டாயம், ஏனென்றால் அங்கே அது டைப்பின் பெயர். டிஃபால்ட்டில் மேற்கோள் கூடாது, ஏனென்றால் அங்கே அது ஜேசன் மதிப்பு. மேற்கோள் போட்டால் அது நான்கு எழுத்துள்ள ஒரு ஸ்ட்ரிங் ஆகிவிடும். ஜாவா லைப்ரரி 1.9 முதல் ஸ்கீமாவைப் படிக்கும்போதே டிஃபால்ட்டைச் சரிபார்த்துத் தடுத்துவிடுகிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் இந்தப் பிழை வெகுநாள் ஒளிந்திருக்கும்.

இரண்டாவது, கிளைகளின் வரிசை. டிஃபால்ட் மதிப்பு யூனியனின் முதல் கிளையோடு பொருந்த வேண்டும் என்பதுதான் நெடுநாள் விதி. டிஃபால்ட் நல் என்றால் நல் முதலில் வரவேண்டும். டிஃபால்ட் வெற்று ஸ்ட்ரிங் என்றால் ஸ்ட்ரிங் முதலில். 1.12 விவரக்குறிப்பு இதைத் தளர்த்தி, பொருந்தும் முதல் கிளையை எடுத்துக்கொள்கிறது. ஆனால் ஒரே செய்தியை ஜாவாவும் பைத்தானும் கோ மொழியும் படிக்கும் இடத்தில் எல்லா லைப்ரரியும் ஒரே காலத்தைச் சேர்ந்ததாக இருக்காது. பழைய விதியையே பின்பற்றுவது நல்லது. அதனால் எந்த இழப்பும் இல்லை.

கம்பியில் என்ன போகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் பல குழப்பங்கள் தீரும். யூனியனை எழுதும்போது அவ்ரோ முதலில் கிளையின் வரிசை எண்ணை (0-விலிருந்து) ஜிக்ஜாக் முறையில் (நேர்ம எண் இரட்டிப்பாகும்) எழுதும், பிறகு மதிப்பை எழுதும். நல், ஸ்ட்ரிங் என்ற வரிசையில் நல் என்றால் ஒரே பைட்: 0. நல்லுக்கு மதிப்பு என்று எதுவும் எழுதப்படுவதில்லை. 'அ' என்ற ஒற்றை எழுத்து என்றால் ஐந்து பைட்: 2, 6, 224, 174, 133. முதல் 2 என்பது கிளை எண் 1. அடுத்த 6 என்பது நீளம் 3. மீதி மூன்றும் 'அ'வின் யுடிஎஃப்-8 வடிவம். ஆக, ஒரு ஃபீல்டை நல்லாக விடலாம் என்று அனுமதிப்பதற்கு ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் ஒரு பைட் கூடுதல். அது பெரிய செலவு இல்லை. ஆனால் கிளை வரிசையை மாற்றிவிட்டு, எழுதியவரின் ஸ்கீமா இல்லாமல் வெறும் பைட்டுகளை மட்டும் புதிய ஸ்கீமாவால் படித்தால், 2 என்ற அதே பைட் இப்போது நல்லைக் காட்டும். படிப்பவர் அங்கேயே நிறுத்தி, மீதி நான்கு பைட்டையும் அடுத்த ஃபீல்டாக எடுத்துக்கொள்வார். அவ்ரோ பைட்டுகளை டேட்டாபேஸ் பத்தியிலோ கேஷிலோ ஸ்கீமா அடையாளம் இல்லாமல் சேமிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

டைப் தொடர்பாக இன்னொன்று. நேரத்தைக் குறிக்கும் லாஜிக்கல் டைப்பை (அடிப்படை டைப்புக்கு மேல் பொருள் சேர்க்கும் குறி) நல்லோடு சேர்க்கும்போது, லாஜிக்கல்டைப் என்ற சாவி யூனியனின் உள்ளே, லாங்கை விவரிக்கும் ஆப்ஜெக்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஃபீல்டு மட்டத்தில், டைப்புக்குப் பக்கத்தில் வைத்தால் பார்சர் கண்டுகொள்ளாது. பிழையும் வராது. ஸ்கீமாவிலிருந்து உருவாக்கப்பட்ட ஜாவா கிளாஸில் இன்ஸ்டன்ட் (ஜாவாவின் நேர டைப்) வரவேண்டிய இடத்தில் வெறும் லாங் வந்து நிற்கும். அதைப் பார்த்ததும் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

டிஃபால்ட் எப்போது வேலை செய்கிறது

டிஃபால்ட் என்றால் 'எழுதும்போது மதிப்பு கொடுக்காவிட்டால் இதை எடுத்துக்கொள்' என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். விவரக்குறிப்பில் அது படிப்பவருக்கானது: எழுதியவரின் ஸ்கீமாவில் அந்த ஃபீல்டே இல்லாதபோது படிப்பவர் டிஃபால்ட்டை நிரப்பிக்கொள்வார். எழுதியவரிடம் ஃபீல்டு இருந்து, அவர் நல் என்று எழுதியிருந்தால், டிஃபால்ட் எதுவாக இருந்தாலும் கையில் கிடைப்பது நல்தான்.

எழுதும் பக்கத்தில் என்ன நடக்கும் என்பது லைப்ரரியைப் பொறுத்தது. ஜாவாவில் உருவாக்கப்பட்ட கிளாஸுக்கு இரண்டு வாசல்கள் உண்டு. பில்டர் வழியாகப் போனால், விட்ட ஃபீல்டுக்கு ஸ்கீமாவின் டிஃபால்ட் நிரம்பும். நல் ஏற்காத ஃபீல்டுக்கு நல் கொடுத்தால் அந்த வரியிலேயே, ஃபீல்டின் பெயரோடு, 'டஸ் நாட் அக்செப்ட் நல் வேல்யூஸ்' என்ற அவ்ரோ ரன்டைம் எக்ஸெப்ஷன் விழும். வெறும் கன்ஸ்ட்ரக்டர் வழியாகப் போனால் டிஃபால்ட் நிரம்பாது. உருவாக்கப்பட்ட கிளாஸின் குறிப்பிலேயே இதை எழுதியிருக்கிறார்கள், யாரும் படிப்பதில்லை. செட்டர்களும் எதையும் சோதிக்காது. தவறு வெளியே வருவது ரெக்கார்டு சீரியலைஸ் ஆகும்போது, ஒரு நல் பாயின்ட்டர் எக்ஸெப்ஷனாக. அதற்குள் குறிமுறை வேறெங்கோ போயிருக்கும். நல்லை வைத்த வரி எது என்று ஸ்டாக் ட்ரேஸ் சொல்லாது. எனவே குழுவுக்குள் ஒரே விதி போதும்: உருவாக்கப்பட்ட அவ்ரோ கிளாஸை பில்டர் இல்லாமல் கட்டக் கூடாது.

பைத்தானில் ஃபாஸ்ட்அவ்ரோ லைப்ரரி இன்னும் நைசாக ஏமாற்றும். டிக்‌ஷனரியில் சாவி இல்லை என்றால், டிஃபால்ட் இருந்தால் அதையும் இல்லாவிட்டால் நன் (பைத்தானின் நல்) என்பதையும் எடுத்துக்கொண்டு எழுதப் பார்க்கும். ஃபீல்டு நல்லை ஏற்கும் என்றால் எழுதியும் முடித்துவிடும். சாவியின் பெயரில் ஓர் எழுத்து தப்பினால் போதும், எந்தச் சத்தமும் இல்லாமல் அந்த ஃபீல்டு முழுக்க நல்லாகப் போய்க்கொண்டிருக்கும். எழுதும் ஃபங்ஷனுக்கு ஸ்ட்ரிக்ட் என்ற விருப்பத்தை ட்ரூ என்று கொடுங்கள். டிஃபால்ட் உள்ள ஃபீல்டுகளை மட்டும் விட அனுமதிக்க ஸ்ட்ரிக்ட் அலவ் டிஃபால்ட் என்ற விருப்பமும் உண்டு.

ஜாவாவில் எண்களுக்கு ஒரு தனிக் கண்ணி. ஃபீல்டின் டைப் வெறும் இன்ட் என்றால் கெட்டர் ப்ரிமிட்டிவ் இன்டைத் தரும். யூனியன் ஆக்கியதும் அது நல்லையும் ஏற்கும் இன்டிஜர் ஆகிவிடும். பழைய குறிமுறையில் அந்த மதிப்பை இன்ட் வேரியபிளில் வாங்கியிருந்தால், அது இன்னும் கம்பைல் ஆகும், ஆட்டோ அன்பாக்ஸிங் (இன்டிஜரைத் தானாக இன்ட் ஆக்குவது) புண்ணியத்தில். முதல் நல் வரும் நாளில்தான் வெடிக்கும். ஸ்கீமாவில் ஒரு எண் ஃபீல்டை யூனியன் ஆக்கினால், அதன் கெட்டர் அழைக்கப்படும் இடங்களைக் கையால் தேடிப் பார்க்காமல் வெளியிடாதீர்கள். கோட்லினிலிருந்து அதே ஜாவா கிளாஸை அழைத்தாலும் பாதுகாப்பு இல்லை: அந்த கெட்டர்கள் பிளாட்ஃபார்ம் டைப்பாக, அதாவது நல் வருமா வராதா என்று சொல்லாத டைப்பாக, தெரிவதால் கம்பைலர் வாய் திறக்காது.

இதற்கு ஒரு தடுப்பு உண்டு. ஸ்கீமாவிலிருந்து ஜாவா கிளாஸை உருவாக்கும் அவ்ரோ மேவன் பிளக்இன்னில் கெட்டர்ஸ் ரிட்டர்ன் ஆப்ஷனல் என்ற அமைப்பை ட்ரூ ஆக்கினால் கெட்டர்கள் ஆப்ஷனல் டைப்பைத் திருப்பும். அதை மட்டும் போட்டால் எல்லா ஃபீல்டுக்கும் ஆப்ஷனல் வந்து குறிமுறை அசிங்கமாகிவிடும். கூடவே ஆப்ஷனல் கெட்டர்ஸ் ஃபார் நல்லபிள் ஃபீல்ட்ஸ் ஒன்லி என்பதையும் ட்ரூ ஆக்குங்கள். அப்போது ஸ்கீமாவில் ஒரு ஃபீல்டு யூனியனாக மாறிய அன்றே அதைத் தொடும் குறிமுறை கம்பைல் ஆகாமல் நிற்கும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

புரோட்டோபஃப்: நல்லே கிடையாது, 'இருக்கிறதா' மட்டும்தான்

புரோட்டோபஃப்பில் நல் என்ற மதிப்பு இல்லை. இருப்பது ஃபீல்டு பிரசென்ஸ்: இந்த ஃபீல்டு வைக்கப்பட்டதா, இல்லையா. ஜாவாவில் செட்டருக்கு நல் கொடுத்தால் உடனே நல் பாயின்ட்டர் எக்ஸெப்ஷன். சி ஷார்ப்பில் ஸ்ட்ரிங்குக்கு நல் கொடுத்தால் ஆர்க்யூமென்ட் நல் எக்ஸெப்ஷன். பைத்தானில் ஃபீல்டுக்கு நன் என்று ஒதுக்கினால் டைப் எரர். ஆனால் கன்ஸ்ட்ரக்டரில் நன் கொடுத்தால் 'வைக்கவில்லை' என்று அமைதியாக எடுத்துக்கொள்ளும். இந்த வித்தியாசத்தைத் தெரிந்து வைத்துக்கொள்வது பைத்தான்காரர்களுக்கு நல்லது. படிக்கும் பக்கத்தில் ஜாவா கெட்டர் ஒருபோதும் நல் தராது; வைக்காத ஸ்ட்ரிங்குக்கு வெற்று ஸ்ட்ரிங்கையே தரும். ஆகவே கெட்டர் தந்ததை நல்லோடு ஒப்பிடும் குறிமுறை எப்போதும் பொய்யான விடையைத்தான் தரும்.

2016-இல் புரோட்டோ3 வந்தபோது எண், ஸ்ட்ரிங் போன்ற எளிய டைப்புகளுக்குப் பிரசென்ஸை எடுத்துவிட்டார்கள். 0 என்ற மதிப்பு கம்பியில் போகாது. எனவே தள்ளுபடி 0 சதவீதம் என்பதும் தள்ளுபடியே குறிப்பிடப்படவில்லை என்பதும் ஒன்றாகிவிட்டன. மக்கள் சும்மா இருக்கவில்லை. புரோட்டோபஃப் 3.12 பதிப்பில் ஆப்ஷனல் என்ற சொல் சோதனை முறையில் திரும்பி வந்தது, 3.15 முதல் தனிக் கொடி தேவையில்லாமல் வேலை செய்கிறது. புரோட்டோ3-க்குப் பின் வந்த எடிஷன்ஸ் 2023-இல் வெளிப்படையான பிரசென்ஸே இயல்புநிலை ஆகிவிட்டது. இன்று புதிதாகப் புரோட்டோ3 எழுதுபவருக்கு ஒரே அறிவுரை: 0-க்கும் வெறுமைக்கும் வித்தியாசம் வேண்டாம் என்று உறுதியாகத் தெரிந்தால் தவிர, எளிய ஃபீல்டு ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஆப்ஷனல் போடுங்கள்.

இடைக்காலத்தில் எல்லோரும் பயன்படுத்திய வழி ராப்பர் மெசேஜ்கள்: இன்ட்32வேல்யூ, ஸ்ட்ரிங்வேல்யூ. மெசேஜ் டைப்புக்கு எப்போதும் பிரசென்ஸ் உண்டு என்பதால் எண்ணை ஒரு மெசேஜில் பொதித்தார்கள். ஃபீல்டு எண் 1 என்று வைத்து இரண்டையும் பைட்டில் ஒப்பிடுவோம். ஆப்ஷனல் இன்ட்32-இல் 5 என்றால் 8, 5 என இரண்டு பைட். 0 என்றால் 8, 0. ராப்பரில் 5 என்றால் 10, 2, 8, 5 என நான்கு பைட்; 0 என்றால் 10, 0. இரண்டிலும் வைக்காவிட்டால் எதுவும் போகாது. முதல் பைட்டைப் பாருங்கள்: 8, 10. வயர் டைப்பே (கம்பியில் மதிப்பை எழுதும் முறை) வேறு. அதனால் ராப்பரிலிருந்து ஆப்ஷனலுக்கோ திருப்பியோ அதே ஃபீல்டு எண்ணில் மாற்ற முடியாது. மாற்றினால் பெரும்பாலான லைப்ரரிகள் பிழைகூடத் தராது: வயர் டைப் பொருந்தாத பைட்டுகளை 'தெரியாத ஃபீல்டு' என்று ஒதுக்கிவிட்டு, மதிப்பே வரவில்லை என்று காட்டும். ராப்பரை விட்டு வெளியேற வேண்டும் என்றால் புதிய ஃபீல்டு எண் எடுங்கள், பழைய எண்ணை ரிசர்வ்ட் என்று பூட்டுங்கள்.

ஏற்கெனவே உள்ள புரோட்டோ3 ஃபீல்டுக்கு ஆப்ஷனல் சேர்ப்பது கம்பியளவில் பாதுகாப்பானது. ஆனால் பொருளளவில் ஒரு ஓட்டை இருக்கிறது. பழைய ப்ரொட்யூசர் (அனுப்பும் நிரல்) 0 வைத்தாலும் அனுப்பாது. புதிய கன்சியூமர் (படிக்கும் நிரல்) அதை 'வைக்கவில்லை' என்று படிக்கும். எல்லா ப்ரொட்யூசரும் புதிய குறிமுறைக்கு மாறி, பழைய செய்திகளும் தீர்ந்த பிறகுதான் 'வைக்கவில்லை' என்பதை நம்பி முடிவெடுக்கலாம். அதுவரை இல்லாததை 0 என்றே நடத்துங்கள்.

மூல நிரலில் என்ன மாறும் என்பது மொழிக்கு மொழி வேறுபடும். ஜாவாவில் ஹேஸ்டிஸ்கவுன்ட் போன்ற ஒரு மெதட் கூடும், மற்றவை அப்படியே. கோ மொழியில் ஃபீல்டின் டைப்பே இன்ட்32-இலிருந்து பாயின்ட்டர் ஆகிவிடும், தொட்ட இடமெல்லாம் கம்பைல் உடையும். உடைவது நல்லதுதான். சரிசெய்யும்போது பாயின்ட்டரை நேரடியாக அவிழ்க்காமல், நில் (கோ மொழியின் நல்) வந்தாலும் தாங்கும் கெட் மெதட்டைப் பயன்படுத்துங்கள். 'இருக்கிறதா' என்ற கேள்விக்கு மட்டும் நில்லோடு ஒப்பிடுங்கள். பைத்தானில் ஹேஸ்ஃபீல்டு என்று கேட்கலாம். ஆனால் பிரசென்ஸ் இல்லாத ஃபீல்டைக் கேட்டால் வேல்யூ எரர் விழும். அந்தப் பிழை வந்தால் ஸ்கீமாவில் ஆப்ஷனல் விடுபட்டிருக்கிறது என்று பொருள்.

டேட்டாபேஸ் ஆப்ஜெக்ட்டிலிருந்து புரோட்டோ பில்டருக்கு மதிப்புகளை மாற்றும் இடத்தில்தான் ஜாவாவில் அதிகம் அடிபடுகிறார்கள். ஒவ்வொரு செட்டருக்கும் முன்னால் நல் சோதனை வேண்டும். விட்டால் நல் பாயின்ட்டர், வைத்தால் நீளமான குறிமுறை. மேப்ஸ்ட்ரக்ட் (இந்த மாற்றக் குறிமுறையை உருவாக்கித் தரும் ஜாவா கருவி) பயன்படுத்துபவர்கள் நல் வேல்யூ செக் ஸ்ட்ராட்டஜியை ஆல்வேஸ் என்று வைத்தால் அந்தச் சோதனையை அதுவே உருவாக்கித் தரும். நல்லுக்குப் பதில் வெற்று ஸ்ட்ரிங் வைத்து வாயை அடைப்பது மட்டும் வேண்டாம். ஆப்ஷனல் ஃபீல்டில் வெற்று ஸ்ட்ரிங் வைத்தால் ஹேஸ் மெதட் 'ஆம்' என்று சொல்லும், மறுமுனையில் குடும்பப்பெயர் இருப்பதாகவே கணக்காகும்.

மூன்றாம் நிலை வேண்டுமானால் இரண்டு வழி. திருத்தச் செய்திகளுக்கு ஃபீல்டுமாஸ்க் (மாற்ற வேண்டிய ஃபீல்டுகளின் பெயர்ப் பட்டியல்) சரியானது: மாஸ்க்கில் பெயர் இருந்து ஃபீல்டு வைக்கப்படவில்லை என்றால் அழி, மாஸ்க்கிலேயே இல்லை என்றால் தொடாதே. செய்தியே 'இல்லை' என்பதைச் சுமக்க வேண்டும் என்றால் ஒன்ஆஃப் (ஒரு நேரத்தில் ஒரே உறுப்பு மட்டும் இருக்கும் தொகுதி) ஒன்றில் இரண்டு உறுப்பு வையுங்கள்: ஒன்று ஸ்ட்ரிங், மற்றொன்று கூகுள் தரும் நல்வேல்யூ என்ற ஈனம். எதுவும் வைக்காதது முதல் நிலை, நல்வேல்யூ இரண்டாம் நிலை, ஸ்ட்ரிங் மூன்றாம் நிலை.

ரிப்பீட்டட் (பட்டியல்) ஃபீல்டுக்கும் மேப்புக்கும் பிரசென்ஸ் கிடையாது. 'பட்டியல் இல்லை'யும் 'வெறும் பட்டியல்'உம் ஒன்றே. பிரிக்க வேண்டும் என்றால் பட்டியலை ஒரு மெசேஜுக்குள் வைத்து அந்த மெசேஜின் பிரசென்ஸைக் கேளுங்கள். பட்டியலின் நடுவில் நல் உறுப்பும் வைக்க முடியாது. அவ்ரோவில் முடியும், அரேயின் ஐட்டம்ஸ் இடத்தில் யூனியன் எழுதினால் போதும். அவ்ரோவிலிருந்து புரோட்டோவுக்கு மாறுபவர்கள் தடுக்கி விழும் இடம் இது.

ஜேசன், ஓப்பன்ஏபிஐ: இரண்டு அச்சுகள்

ஜேசனில் மூன்று நிலையும் இயல்பாகவே இருக்கிறது: சாவி இல்லை, சாவி இருந்து நல், சாவி இருந்து மதிப்பு. சிக்கல் ஸ்கீமாவில் இல்லை. உருவாக்கப்பட்ட குறிமுறை அந்த மூன்றை இரண்டாகக் குறுக்கிவிடுகிறது.

ரிக்வயர்டு என்பது சாவி இருக்க வேண்டுமா என்ற கேள்வி. நல்லபிள் என்பது மதிப்பு நல்லாக இருக்கலாமா என்ற கேள்வி. இரண்டும் தனித்தனி, ஒன்றை வைத்து மற்றதை முடிவு செய்யாதீர்கள். ஓப்பன்ஏபிஐ (வலை ஏபிஐகளை விவரிக்கும் தரநிலை) 3.0-இல் நல்லபிள்: ட்ரூ என்று எழுத வேண்டும். 3.1-இல் அந்தச் சொல்லையே எடுத்துவிட்டார்கள். டைப்பின் இடத்தில் ஸ்ட்ரிங், நல் என்ற பட்டியல் வைக்க வேண்டும். பதிப்பு எண்ணை மட்டும் 3.1 என்று மாற்றிவிட்டுப் பழைய நல்லபிள்ளை விட்டுவைத்தால் அதற்கு எந்த மதிப்பும் இல்லை. 3.0-இல் டாலர் ரெஃப் (வேறிடத்து ஸ்கீமாவைச் சுட்டும் சாவி) பக்கத்தில் நல்லபிள் எழுதினாலும் அப்படித்தான், ரெஃபின் அண்டைச் சாவிகள் கணக்கில் வராது. ஈனம் ஒன்றை நல்லபிள் ஆக்கினால், ஈனம் பட்டியலுக்குள்ளும் நல்லைச் சேர்க்க வேண்டும், மேற்கோள் இல்லாமல்.

ஜாவாவில் சாதாரண ஆப்ஜெக்ட்டால் 'சாவி இல்லை'யையும் 'நல்'லையும் பிரிக்க முடியாது. ஓப்பன்ஏபிஐ ஜெனரேட்டர் இதற்காக ஜேசன்நல்லபிள் என்ற உறையைப் பயன்படுத்துகிறது; அதில் அன்டிஃபைன்டு என்றொரு தனி நிலை உண்டு. பகுதித் திருத்தம் செய்யும் பேட்ச் வேண்டுகோள்களுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள், மற்ற இடங்களில் சுமைதான். இணையத் தரநிலையான ஆர்எஃப்சி 7396 சொல்லும் மெர்ஜ் பேட்ச்சில் நல் என்றால் 'இந்தச் சாவியை அழி' என்று பொருள். அனுப்பும் பக்கம் நல் ஃபீல்டுகளை வடிகட்டிவிட்டால் அழிக்கும் வேண்டுகோள் போய்ச் சேரவே சேராது. வடிகட்டாமல் எல்லா நல்லையும் அனுப்பினால் தொடாத ஃபீல்டெல்லாம் அழிந்துபோகும்.

ஜாவாவின் ஜேசன் லைப்ரரியான ஜாக்சன் 2-இல் இன்னொரு கண்ணி: ப்ரிமிட்டிவ் இன்டுக்கு ஜேசனில் நல் வந்தால் இயல்புநிலையில் சத்தமின்றி 0 ஆகிவிடும். ஃபெயில் ஆன் நல் ஃபார் ப்ரிமிட்டிவ்ஸ் என்பதை இயக்குங்கள். கோ மொழியில், எதுவும் ஒதுக்காத ஸ்லைஸ் (பட்டியல்) நல் என்று எழுதப்படும். நீளம் 0 உள்ள, ஆனால் உருவாக்கப்பட்ட ஸ்லைஸ் வெற்றுச் சதுர அடைப்பாகப் போகும். உலாவியில் அந்தப் பட்டியலைச் சுற்றிவரும் குறிமுறை முதலாவதில் விழுந்துவிடும். அதே மொழியில் ஆமிட்எம்ப்டி (வெற்று மதிப்பை விட்டுவிடும் குறி) போட்டால் 0-உம் ஃபால்ஸும் கூடக் காணாமல் போகும். தள்ளுபடி 0 என்பதை அனுப்ப வேண்டுமானால் பாயின்ட்டர் ஃபீல்டு வேண்டும்.

ஸ்கீமாவுக்கு வரும் முன்பே இறந்த நல்

ஸ்கீமா சரியாக இருந்தும் நல்லுக்குப் பதில் 0 வருகிறது என்றால் மூலத்தைப் பாருங்கள். ஜாவாவின் டேட்டாபேஸ் இணைப்பான ஜேடிபிசியின் கெட்இன்ட், பத்தியில் எஸ்க்யூஎல் நல் இருந்தால் 0 தரும்; உடனே வாஸ்நல் என்று கேட்டால்தான் உண்மை தெரியும். ஆரக்கிள் டேட்டாபேஸில் வெற்று ஸ்ட்ரிங்கே நல்லாகச் சேமிக்கப்படுகிறது, எனவே அங்கே போய்த் திரும்பும் வெற்று ஸ்ட்ரிங் நல்லாக வரும். பைத்தானின் பாண்டாஸ் லைப்ரரியில் விடுபட்ட மதிப்புள்ள முழு எண் பத்தி இயல்பாக ஃப்ளோட் ஆகி, இல்லாத இடங்களில் நேன் ('எண் அல்ல' என்ற ஃப்ளோட் மதிப்பு) உட்காரும். அதை நல், டபுள் என்ற அவ்ரோ யூனியனுக்குக் கொடுத்தால் நேன் ஒரு டபுள் மதிப்பாகவே எழுதப்படும். எழுதும் முன் நேனை நன் ஆக்குவது உங்கள் வேலை.

ஓடிக்கொண்டிருக்கும் அவ்ரோ ஃபீல்டை மாற்றும் வரிசை

காஃப்காவில் (செய்திகளை டாபிக் என்ற வரிசைகளில் வைத்துத் தரும் அமைப்பு) ஸ்ட்ரிங்காக ஓடும் ஃபீல்டை நல், ஸ்ட்ரிங் யூனியனாக மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஸ்கீமா பதிப்புகளைச் சேமித்து அவை ஒத்துப்போகின்றனவா என்று சோதிக்கும் கான்ஃப்ளூயன்ட் ஸ்கீமா ரெஜிஸ்ட்ரியின் இயல்புநிலை பேக்வர்டு. புதிய ஸ்கீமாவால் பழைய தரவைப் படிக்க முடியும் என்று மட்டும்தான் அது பார்க்கிறது. இந்த மாற்றம் அதில் தேறிவிடும். ஆனால் பழைய கன்சியூமரால் புதிய தரவைப் படிக்க முடியுமா என்பதை அது பார்ப்பதில்லை.

1. ப்ரொட்யூசரில் ஆட்டோ ரெஜிஸ்டர் ஸ்கீமாஸ் என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள். இயல்பில் அது ட்ரூ; யாரோ ஒருவர் லைப்ரரியைப் புதுப்பித்ததால் ஸ்கீமா தானாக ஏறிவிடக் கூடாது.

2. கன்சியூமர்களைப் புதிய ஸ்கீமாவோடு கம்பைல் செய்து, நல் வந்தால் என்ன செய்வது என்று எழுதி, முதலில் வெளியிடுங்கள். படிப்பவர் ஸ்கீமா இல்லாமல் ஜெனரிக் ரெக்கார்டாகப் படிக்கும் கன்சியூமர்களைத் தனியாகப் பட்டியலிடுங்கள். அவை எழுதியவரின் ஸ்கீமாவையே பயன்படுத்துவதால் முதல் நல் நேராக அவற்றின் கையில் விழும்.

3. எல்லாக் கன்சியூமரும் மாறியதைச் சரிபார்த்த பிறகு ஸ்கீமாவைப் பதிவு செய்து ப்ரொட்யூசரை வெளியிடுங்கள். இன்னும் நல் அனுப்ப வேண்டாம்.

4. ஓர் அமைப்பு மாறி (ஆன்/ஆஃப் விசை) மூலம் நல் அனுப்பத் தொடங்குங்கள். கோளாறு வந்தால் மாறியை அணைத்தால் போதும், குறிமுறையைப் பின்வாங்க வேண்டியதில்லை.

எதிர்த்திசையில், யூனியனை வெறும் ஸ்ட்ரிங்காக்குவது இப்படி நடக்காது. டாபிக்கில் பழைய நல்கள் கிடக்கும். அவற்றைத் தொடும் புதிய கன்சியூமர் அந்த ஆஃப்செட்டிலேயே (டாபிக்கில் செய்தியின் இட எண்) மாட்டிக்கொள்ளும். புதிய ஃபீல்டு ஒன்றைச் சேர்த்துப் பழையதைக் கைவிடுவதே வழி. ரெஜிஸ்ட்ரி ஃபுல் முறையில் (இரு திசையிலும் படிக்க முடிய வேண்டும்) இருந்தால் முன்னால் சொன்ன மாற்றத்துக்கும் இதே வழிதான்.

இதையும் கலந்துவிடாதீர்கள்: ஃபீல்டு நல்லாக இருப்பது வேறு, காஃப்கா செய்தியின் மதிப்பே நல்லாக இருப்பது வேறு. கம்பேக்‌ஷன் (ஒவ்வொரு சாவிக்கும் கடைசிச் செய்தியை மட்டும் வைத்திருப்பது) இயங்கும் டாபிக்கில் இரண்டாவது ஒரு டூம்ஸ்டோன், அந்தச் சாவியை அழிக்கும் கட்டளை. அவ்ரோ சீரியலைசருக்கு ரெக்கார்டுக்குப் பதில் நல்லைக் கொடுத்தால் ஸ்கீமா எதையும் சோதிக்காமல் அது அப்படியே டூம்ஸ்டோனாகப் போய்விடும். அனுப்பும் ஃபங்ஷனின் வாசலிலேயே தடுங்கள்.

சோதனை

ஒவ்வொரு விருப்ப ஃபீல்டுக்கும் நான்கு மதிப்புகளைச் சுற்றி அனுப்பிப் பாருங்கள்: வைக்காதது, 0 அல்லது வெற்று ஸ்ட்ரிங், சாதாரண மதிப்பு, தமிழ் எழுத்துள்ள மதிப்பு. எழுதிய மொழியிலேயே படித்துப் பார்ப்பது போதாது. ஜாவா எழுதியதைப் பைத்தான் படிக்கட்டும், பைத்தான் எழுதியதை கோ படிக்கட்டும். பிறகு வெளியாகியுள்ள ஒவ்வொரு பழைய பதிப்பின் பைட்டுகளையும் கோப்பாகச் சேமித்து ரெப்பாசிட்டரியில் வையுங்கள். புதிய குறிமுறை அவற்றைப் படித்து, எது இருக்கிறது, எது இல்லை என்பதில் அதே விடையைத் தரவேண்டும். மதிப்பை மட்டும் ஒப்பிடும் சோதனை புரோட்டோபஃப்பில் ஏமாற்றும், ஏனென்றால் 0-உம் வைக்காததும் கெட்டரில் ஒன்றாகவே தெரியும். ஹேஸ் மெதட்டின் விடையையும் சேர்த்து ஒப்பிடுங்கள். ஜேசனுக்குப் பார்ஸ் செய்த ஆப்ஜெக்ட்டை அல்ல, வெளியே போன எழுத்துவரியையே ஒப்பிடுங்கள். சாவி விடுபட்டதா, நல்லாகப் போனதா என்பது அதில் மட்டும்தான் தெரியும்.